மூன்று வேளை உப்பு

நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப்போவதில்லை. கம்பவுண்டர் காஸ்பரைத் தெரிந்தவர்களுக்கு அவர் கதை கட்டுகிற ஆள் இல்லை என்று தெரியும். சிரிக்கவே கூலி கேட்கிற மனிதர். ஞாயிறு பூசைக்குப் போவார், பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் "வேற வேல இல்ல?" என்று எழுந்துபோவார். அப்படிப்பட்டவர் மருந்துப் புத்தகத்தில் தன் கையாலேயே மூன்று நேரங்களை எழுதி வைத்திருக்கிறார். 1942 ஏப்ரல் 16, வியாழக்கிழமை. மதியம் 2.10. பிறகு 3.40. பிறகு மாலை 6.05. நடுராத்திரியும் இல்லை, புளியமரமும் இல்லை. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில், வெளிச்சம் இருக்கும்போதே, ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் மருந்து ஜன்னலில் நடந்தது.

அந்த ஏப்ரலில் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பேச்சு. எழும்பூரில் ரயிலில் கால் வைக்க இடமில்லை. மாட்டு வண்டிக்காரன் வைத்ததுதான் விலை. டாக்டர் மரியதாஸ், "பெண்டு பிள்ளைகளை வேலூரில் விட்டுவிட்டு ரெண்டு நாளில் வந்துவிடுகிறேன்" என்று போனவர் பத்து நாளாகியும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் மிச்சம் இருந்தது இரண்டே பேர். ஒருவர் காஸ்பர். இன்னொருத்தி பெருக்கித் துடைக்கிற சொர்ணம். சாந்தோமை விட்டால் காஸ்பருக்குப் போக வேறு ஊர் கிடையாது. சொர்ணத்துக்கு ரயில் என்றாலே பயம்.

கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஹபீபுர் ரஹ்மான் என்று ஒரு தையல்காரன் இருந்தான். வயது இருபத்திரண்டு. தாய் தகப்பன் இல்லை, தங்கை குல்ஷன் மட்டும். அவனுக்கு ஒரு விசித்திர வியாதி. வயிறு முட்டச் சோறும் இனிப்பும் தின்றுவிட்டுத் தூங்கினால், மறுநாள் காலையில் கை கால் வராது. கண் பார்க்கும், காது கேட்கும், புத்தி தெளிவாக இருக்கும். ஆனால் ஒரு விரலை அசைக்க முடியாது. முற்றிவிட்டால் மூச்சே சிறுத்துவிடும். தெரியாதவர்கள் பார்த்தால் உயிர் போன வெற்றுடம்பு என்றே நினைத்துவிடுவார்கள்.

இரத்தத்தில் பொட்டாசியம் குறைகிற கோளாறு என்று டாக்டர் மரியதாஸ் எந்த வெள்ளைக்காரப் பத்திரிகையிலோ படித்துக் கண்டுபிடித்தார். மருந்தும் ஒன்றே ஒன்றுதான்: பொட்டாசியம் குளோரைடு. பார்த்தால் சமையல் உப்பு. நாக்கில் வைத்தால் முதலில் கரிக்கும், பிறகு கசக்கும். தண்ணீரில் கரைத்து, விட்டு விட்டு மூன்று வேளை. செத்தவன்போலக் கிடந்த ஹபீப் எழுந்து உட்கார்ந்து "டீ கெடைக்குமா?" என்று கேட்டதைக் காஸ்பர் தன் கண்ணாலேயே இரண்டு முறை பார்த்திருக்கிறார்.

அந்த உப்புதான் மார்ச் மாதத்தோடு தீர்ந்துபோனது.

காஸ்பர் பிராட்வே மருந்துக் கடைகள் முழுக்க ஏறி இறங்கினார். "அது ஜெர்மனி சரக்கு சார். சண்டை முடிஞ்சா வாங்க" என்றான் ஒரு கடைக்காரன். "இருந்ததையெல்லாம் தீப்பெட்டிக் கம்பெனிக்காரன் வழிச்சிக்கினு போய்ட்டான்" என்றான் இன்னொருவன். மூன்றாவது இடத்தில் சர்க்கார் அனுமதி வேண்டும் என்றார்கள். விண்ணப்பம் எழுதிக்கொண்டு போனால், அந்த ஆபீஸே சித்தூருக்குப் போய்விட்டிருந்தது. பூட்டின கதவின் முன்னால் நின்று காஸ்பர் தன் குடையைத் தரையில் ஓங்கி அடித்தார். கம்பி வளைந்துபோனது. அதற்கும் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

கடைசியில் அடையாற்றில் ஒரு கிடங்கு அகப்பட்டது. மலைமேல் காப்பித் தோட்டங்களுக்கு உரம் அனுப்புகிற கிடங்கு. அங்கே பொட்டாஷ் உரம் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. அதே உப்பு, கொஞ்சம் செம்மண் கலந்து.

"இது செடிக்குய்யா" என்றார் குமாஸ்தா.

"செடி குடிக்கறதும் இதான், மனுசன் குடிக்கறதும் இதான். அழுக்க எடுக்கறது என் வேல."

"தோட்டத்து லைசென்ஸ் கீதா?"

காஸ்பர் லைசென்ஸ் காட்டவில்லை. கிழிந்த ஒரு மூட்டையிலிருந்து தரையில் சிந்தியிருந்ததைத் தன் துண்டில் வாரினார். குமாஸ்தா எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு தயவாவது அந்த மாதத்தில் ஒருவரிடம் இருந்ததே என்று காஸ்பர் பிறகு சொல்வார்.

மூன்று நாள் அந்த உப்போடு மாரடித்தார். கொதிநீரில் கரைத்தார், துணியில் வடித்தார், வடிதாளில் வடித்தார், பீங்கான் தட்டில் சுண்டவைத்தார். மீண்டும் கரைத்தார், மீண்டும் வடித்தார். புதன்கிழமை சாயங்காலம் வெள்ளை வெளேரென்று உப்பு தயார். தராசில் நிறுத்து, பொட்டலம் பொட்டலமாக மடித்து, ஜாடியில் போட்டு மூடினார். சரியாகப் பத்து வேளைக்கு இருந்தது. அன்று ராத்திரி பல நாளுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார்.

அதே ராத்திரி ஹபீபின் சந்தில் ஒரு கல்யாணம். ஊரைவிட்டுக் கிளம்புவதற்குள் நிக்காவை முடித்துவிடலாம் என்று அவசரக் கல்யாணம். பிரியாணி, பால் இனிப்பாகப் பீர்னி. இருபத்திரண்டு வயசுப் பையன் எவ்வளவுதான் வாயைக் கட்டுவான்?

வியாழன் காலையில் ஆஸ்பத்திரியில் எள் போட இடமில்லை. ரயிலேறப் போகிறவர்கள் எல்லாருக்கும் கையில் கொண்டுபோக மலேரியாக் காய்ச்சலுக்குக் கொய்னா வேண்டும், பேதி மருந்து வேண்டும். யாரிடமும் பாட்டில் இல்லை. அந்தக் காலத்தில் தர்ம ஆஸ்பத்திரியில் மருந்துதான் இனாம், பாட்டில் நோயாளி கொண்டுவரவேண்டும். சண்டை வந்ததிலிருந்து பாட்டில் பெரிய பஞ்சம். இரக்கப்பட்டுக் கொடுத்த பாட்டில்கள் எல்லாம் அந்த மாதம் ஊரைவிட்டே போய்விட்டன. ஆத்திரத்தில் காஸ்பர் சிவப்பு மையில் ஒரு போர்டு எழுதி மாட்டியிருந்தார்: பாட்டில் இல்லாதவர்களுக்கு மருந்து இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கம்பவுண்டர் அறைக்கும் வெளி வராந்தாவுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. குண்டு விழுந்தால் சிதறாமலிருக்க அதன்மேல் முழுக்கப் பழுப்புக் காகிதம் ஒட்டியாகிவிட்டது. கீழே அரைவட்டமாக ஒரு துவாரம் மட்டும் திறந்திருக்கும். அதன் வழியாகக் கை வரும், பாட்டில் வரும். முகம் தெரியாது. காஸ்பருக்கு மயிலாப்பூர்க்காரர்களில் பாதிப்பேரைக் கையை வைத்தே தெரியும்.

மணி 1.20. கூட்டம் கலைந்து, காஸ்பர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது ஒரு கை உள்ளே வந்தது. கண்ணாடி வளையல் போட்ட சின்னக் கை. வெறுங்கை.

"சார், நான் குல்ஷன் சார்... அண்ணனுக்கு வந்துடிச்சி. காலைலேர்ந்து அசைவு இல்ல. உப்பு மருந்து குடு சார்."

"பாட்டில் எங்க?"

"ஓடியாந்தேன் சார்... எடுக்கல."

"போர்டு இன்னாத்துக்கு மாட்டிக்கீது? உன் கையிலயா ஊத்தறது? போ, போய் எடுத்துக்கினு வா."

"மூச்சு சின்னதா கீது சார்..."

"அதான் சொல்றேன், சீக்கிரம் போ!"

கை மறைந்தது. வெறுங்காலோடு ஓடுகிற சத்தம் கேட்டது.

காஸ்பர் கல்நெஞ்சக்காரர் இல்லை. இரண்டு வாரமாகக் கடை கடையாக வாங்கிய வசவு, பூட்டின ஆபீஸ், வளைந்த குடை, காலையிலிருந்து காய்ந்த வயிறு, எல்லாம் சேர்ந்து அந்தப் பெண்ணின் தலையில் இறங்கிவிட்டது. அவர் காபி குடிக்கிற பித்தளை டம்ளர் கைக்கெட்டும் தூரத்தில் கழுவிக் கவிழ்த்திருந்தது. அது அப்போது அவர் கண்ணில் படவில்லை. வாழ்நாள் முழுக்க அதற்காகத் தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

அவள் வருவதற்குள் தயாராக இருக்கட்டும் என்று ஒரு பொட்டலத்தைக் கரைத்து வைத்துக் காத்திருந்தார். ஒன்றரை ஆனது. ஒன்றே முக்கால் ஆனது. பத்து நிமிட ஓட்டம்தான், இந்தப் பெண் எங்கே தொலைந்தாள் என்று பொருமினார்.

மணி 2.10.

டொக்.

துவாரத்தின் பலகையில் கண்ணாடி பட்ட சத்தம். ஒரு தட்டைப் பச்சை பாட்டில் உள்ளே வந்தது. பின்னாலேயே ஒரு கை.

குல்ஷனின் கை இல்லை. ஆண் கை. ஆள்காட்டி விரல் நுனியெல்லாம் ஊசி குத்தின புள்ளிகள். நடுவிரலில், ஊசி தள்ளுகிற உலோக அங்குஸ்தான் போட்டுப் போட்டு விழுந்த வளையத் தடம்.

"ஹபீபா? நீயேவா வந்த? ரிக்ஷால தூக்கியாந்தாங்களா?"

பதில் இல்லை. வியாதி வந்தால் அவனுக்கு நாக்கு எழாது என்பது காஸ்பருக்குத் தெரியும். அதனால் அது வித்தியாசமாகப் படவில்லை. மருந்தை ஊற்றித் தக்கை போட்டு நீட்டினார். கை வாங்கிக்கொள்ளவில்லை. பலகைமேல் மல்லாந்து கிடந்தது. அவரே பாட்டிலை உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட வேண்டியிருந்தது. ஈரத்துணியை மடிப்பதுபோல் மடங்கின.

"மொதல் வேள இது. ஒன்றரை மணி கழிச்சி மறுபடி குடிக்கணும். குல்ஷன அனுப்பு."

கை மெல்லப் பின்னால் நழுவிப் போனது. காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. காஸ்பர் புத்தகத்தில் நேரத்தை எழுதிவிட்டு, ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டார். குறை சொல்வதற்கில்லை, மனசு கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது.

மணி 3.40.

டொக்.

அதே பாட்டில், காலியாக. அதே கை. இந்தத் தடவை நகம் எல்லாம் சுத்தமாக இருந்தது. தோல் ஊறி, விரல் நுனிகள் சுருங்கியிருந்தன. பாட்டிலை வாங்கியபோது குப்பென்று கற்பூர வாசனை அடித்தது. யாரோ தைலம் தேய்த்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

மருந்தை ஊற்றிக் கையில் வைத்தார். இப்போது விரல்கள் கொஞ்சம் துடித்தன. சுண்டு விரல் தானாகவே மடங்கியது.

"ஆங்... அப்டித்தான்! புடி, புடி!" என்றார் காஸ்பர்.

கை போனதும் உள்பக்கக் கதவு வழியாகத் தலையை நீட்டிச் சொர்ணத்தைக் கேட்டார்.

"யாரும்மா தூக்கியாந்தாங்க அவன?"

"எவன?"

"இப்ப வந்துட்டுப் போனானே, தையக்காரன்."

சொர்ணம் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அவரைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு ஓடுனதுக்கப்புறம் ஒரு ஈ காக்கா வரல சார். நான் இங்கயேதான் குந்திக்கினு கீறேன்."

தூங்கியிருப்பாள். மதியத்தில் அவள் தூங்குவது ஊருக்கே தெரியும். காஸ்பர் அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டார். ஆனாலும் துவாரத்தின் பக்கம் முதுகைக் காட்டி உட்கார அவருக்கு மனம் வரவில்லை.

நாலரை ஆயிற்று. ஐந்து ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று. மூன்றாம் வேளைக்கு யாரும் வரவில்லை. வரவேண்டுமே என்றும் இருந்தது, வரக்கூடாதே என்றும் இருந்தது. இரண்டு வேளை போனது மூன்றாவது இல்லாமல் வீணாகிவிடக் கூடாது என்று மருந்தைக் கரைத்து வைத்தார்.

மணி ஆறு. சொர்ணம் வீட்டுக்குப் போனாள், காஸ்பர் ஜன்னல்களைச் சாத்தினார். விளக்கு போடக்கூடாது, இருட்டடிப்பு உத்தரவு. சாவிக்கொத்தை எடுத்தார்.

6.05.

டொக்.

வராந்தாக் கதவைச் சொர்ணம் வெளியே பூட்டிவிட்டுப் போயிருந்தாள். பூட்டின சத்தத்தை அவரே கேட்டிருந்தார்.

டொக்... டொக்...

அரை இருட்டில் பச்சை பாட்டில் உள்ளே வந்தது. அதன் வெளிப்புறம் முழுக்க ஈரமணல்.

கையிலும் மணல். நகக்கண்ணுக்குள் மணல். மணிக்கட்டுக்குக் கீழே வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. புதுத் துணி. கஞ்சி வாசனை போகாத துணி...

காஸ்பர் மருந்தை எடுத்து ஊற்றப் பார்த்தார். மருந்து பாதி பலகையில் சிந்தியது. மிச்சத்தை ஊற்றினார். தக்கையை எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை.

பாட்டிலை நீட்டினார்.

கை தானாகவே வாங்கியது. இறுக்கிப் பிடித்தது. வெளியே இழுத்துக்கொண்டது.

கடக்... கடக்... கடக்...

தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ குடிக்கிற சத்தம்.

காஸ்பர் துவாரத்தருகே குனிந்தார்.

"ஹபீப்...?"

கை மறுபடியும் வந்தது. பாட்டில் இல்லாமல். பலகையைத் தடவியது... இப்படி... அப்படி...

அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

என்ன பிடி! எலும்பு நெரிந்தது. இழுத்தது. தன் பக்கம் இழுத்தது. ஒரு தடவை. இரண்டு தடவை...

காஸ்பர் கத்தினாரா என்று அவருக்கே தெரியாது. காலைச் சுவரில் உதைத்துத் தன் கையைப் பிடுங்கிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினார். சாந்தோம் கோயில் வாசலில்தான் நின்றார். மூச்சு வாங்கியது. மெல்ல மெல்லப் புத்தி வந்தது. வந்ததும் தன்னைத் தானே வைதுகொண்டார். அட முட்டாளே, மருந்து வேலை செய்திருக்கிறது! மதியம் துணியாகக் கிடந்த கை இப்போது இந்தப் பிடி பிடிக்கிறது என்றால் பையன் பிழைத்துவிட்டான். நன்றி சொல்லத்தான் பிடித்திருப்பான். பூட்டின கதவை எப்படித் தாண்டினான் என்று நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம். அப்படியே மெழுகுவர்த்தி ஒன்று வாங்கி ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மருந்துப் புத்தகத்தில் 6.05 என்று எழுதினார். பொட்டலங்கள் ஏழு மிச்சம் இருந்தன. அந்த நேரம் பீர் முஹம்மது இருமிக்கொண்டு வந்தார். அந்தச் சந்தில் யாராவது இறந்தால் உடம்பைக் குளிப்பாட்டுவது அவர்தான்.

"வாங்க பாய். ஹபீப் எப்டி கீறான்? எழுந்து நடக்கறானா?"

தடுப்புக்கு அப்பால் இருமல் நின்றது.

"உங்களுக்குச் சேதி தெரியாதா சார்? நேத்து மவுத்தாயிட்டான். ஒண்ணே முக்காலுக்கு மூச்சு நின்னுபோச்சு. மூக்காண்ட கண்ணாடி வெச்சிப் பாத்தாங்க, ஒண்ணுமில்ல. கூப்புட ஊர்ல ஒரு டாக்டரு கெடையாது. குல்ஷன் வூட்டுக்கு வந்து பாட்டிலத் தேடிக்கினு இருந்துது பாருங்க, அப்பத்தான். அது அப்டியே உக்காந்துடிச்சி."

காஸ்பர் பலகையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப... எடுத்தீங்க?"

"மூணரைக்குக் குளிப்பாட்டினேன். கற்பூரம் போட்டு, கஃபன் துணி சுத்தி... ஒடம்பு வெறைக்கவே இல்ல சார், நானும் எத்தினி பேரப் பாத்துக்கீறேன். சாயங்காலம் அஸர் தொழுதுட்டுத் தூக்கினோம். அஞ்சேகாலுக்கு மண்ணு மூடியாச்சு."

அஞ்சேகால்.

காஸ்பர் ஆஸ்பத்திரியைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினார். கபரைத் தோண்ட வேண்டும் என்று சொன்னபோது பெரியவர்கள் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். உத்தரவு இல்லாமல் கை வைக்க முடியாது தம்பி என்றார்கள். போலீசுக்குப் போனார், மாஜிஸ்திரேட்டைப் பார் என்றார்கள். மாஜிஸ்திரேட் வீட்டில் ஒரு தோட்டக்காரன் மட்டும் இருந்தான். துரை ஊருக்குப் போய்விட்டார். இன்னொருவரும் போய்விட்டார். எல்லாரும் போய்விட்டார்கள். செத்தவனுக்கு மூன்று வேளை மருந்து கொடுத்தேன் என்று ஒருவர் சொன்னால் யார்தான் கையெழுத்துப் போடுவார்கள்? பொழுது சாய்ந்தபோது, மண் மூடி இருபத்து நாலு மணி நேரம் ஓடிவிட்டிருந்தது. காஸ்பர் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதார்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் மரியதாஸ் திரும்பி வந்தார். காஸ்பர் நடந்ததைச் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மூணு வேளையும் உள்ள போயி கை புடிக்க ஆரம்பிச்சாச்சுன்னு வெச்சிக்கோங்க டாக்டர். குரல் எப்ப வரும்?"

"குரலா? அது கடைசியா வரும். ஒரு அரை மணி ஆகும். ஏன், யாருக்குக் குடுத்தீங்க?"

காஸ்பர் மருந்துப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆடி மாதம் குல்ஷன் வந்தாள். அவளுக்குக் காய்ச்சல். துவாரத்தில் அவள் கை வந்ததும் காஸ்பருக்குத் தெரிந்துவிட்டது. பாட்டிலை ஞாபகமாகக் கழுவிக் கொண்டுவந்திருந்தாள். அவர் மருந்தை ஊற்றி நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, போகாமல் நின்றாள்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டா? யாருமே நம்ப மாட்றாங்க."

"சொல்லும்மா."

"பொம்பளைங்க கபரஸ்தானுக்குள்ள போவக்கூடாதுன்னு வெளிய செவுத்தாண்ட நின்னேன். எல்லாரும் போனப்புறமும் நின்னேன். ஆறரைக்கு மேல இருக்கும் சார். மண்ணுக்குள்ளேர்ந்து அண்ணன் என்னப் பேர் சொல்லிக் கூப்ட்டான். தண்ணி கேக்கல, யாரையும் திட்டல. பாட்டில் கெடச்சிதான்னு கேட்டான். நான் கத்தினேன். புத்தி பெரண்டுபோச்சின்னு என்ன வூட்டுக்கு இழுத்துக்கினு வந்துட்டாங்க."

கண்ணாடி வளையல் போட்ட கை பலகைமேல் அப்படியே இருந்தது.

"நீங்களாச்சும் நம்புவீங்களா சார்?"